ஆறாம் நம்பர் மலையில் ஏழரை மணி

1. கூடு

கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துக்குச் சிறுத்தை பிடிக்கப் போய், கூட்டுக்குள் இரண்டு கோழிமுட்டையோடு கண்டிக்குத் திரும்பியவள் நான். எங்கள் வனவிலங்குத் திணைக்களக் கந்தோரில் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். போன வருடம் நான் ஓய்வு பெற்றபோது பிரியாவிடை கேக்கின் மேல் நடுவில் ஒரு முட்டையை வைத்துத்தான் கொடுத்தார்கள். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். முப்பது வருடத்தில் உருப்படியாகச் செய்த வேலை எது என்று யாராவது கேட்டால் நான் அந்தப் பத்து நாட்களைத்தான் சொல்வேன். அதிலும் பாதிக்கு மேல் நான் செய்ததல்ல.

வனவிலங்கு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் கேட்டதால் எழுதுகிறேன். தோட்டத்தின் பெயர் வேண்டாம். அதை நிர்வகித்த துரையின் பெயரும் வேண்டாம், அவர் இப்போது வேறு தோட்டத்தில் நல்லபடியாக இருக்கிறார்.

அன்று காலை எங்கள் பெரிய சேர் ஒரு கடிதத்தை என் பக்கம் தள்ளினார். தோட்டத்துத் துரை எழுதியிருந்தார். ஆறாம் நம்பர் மலையில் கொழுந்து பறிக்கப் போன பெண் ஒருவர் சிறுத்தைக்கு நேரே போய் நின்றுவிட்டார், காயம் ஒன்றும் இல்லை, ஆனால் மறுநாளிலிருந்து காலையில் அந்த மலைக்கு ஒருத்தியும் ஏற மாட்டேன் என்கிறாள், மிருகத்தை உடனே அகற்றவும் என்று இருந்தது.

சேர் பேசுவது சிங்களத்தில். தமிழில் தருகிறேன்.

“நீங்க போங்க, உங்களுக்குத்தானே பாஷை தெரியும். கமரா கட்டுங்க. ஆட்கள் வேலை செய்யிற நேரத்துல மிருகம் அங்க நடமாடுறது படத்துல வந்தா, பிடிச்சிக் கொண்டு போய் பார்க்குல விடுவோம். பத்து நாள் டைம். கூட்டையும் இப்பவே ஏத்திட்டுப் போங்க, ரெண்டு தரம் டீசல் அடிக்க ஏலாது.”

பார்க்கில் விடுவோம் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் தேசியப் பூங்கா ஒன்றும் ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் வீடு அல்ல. அங்கே ஏற்கெனவே சிறுத்தைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் எல்லை இருக்கிறது. அதற்கு முன் ஒரு தடவை நானே கூடப் போய் விட்டுவந்த ஒரு சிறுத்தையை, சில வாரத்துக்குள் அங்கிருந்த ஆண் சிறுத்தை கடித்துக் கொன்றுவிட்டது. உடலை அளந்து படிவத்தில் எழுதியவளும் நான்தான். அளவு நாடாவைச் சுற்றிப் பைக்குள் வைத்தேன். இன்னொரு தடவை அந்தப் படிவத்தை நிரப்ப மாட்டேன் என்று அன்றே முடிவு செய்திருந்தேன். ஆனால் பெரிய சேரிடம் மனதில் உள்ளதைச் சொல்லிப் பயனில்லை, அவருக்குப் படம் காட்ட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் கெலிஓயாவில் ஹார்ட்வெயார் கடைக்காரர் மகள். உத்தியோகத்தில் பாதிக் காலம் யானை, மீதிக் காலம் கண்டி டவுனில் குரங்கு முறைப்பாடு. தேயிலைத் தோட்டத்தைப் பஸ் ஜன்னலில் பார்த்ததோடு சரி. தமிழ் தெரிந்ததால் தோட்டமும் தெரியும் என்று சேர் நினைத்தார். வெட்கத்தை விட்டுச் சொன்னால், நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கூட்டை ஏற்றும்போது எங்கள் சாரதி ஃபாரூக் நானா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். எங்கள் பக்கம் பேச்சில் சிறுத்தையைப் புலி என்றுதான் சொல்வோம்.

“மிஸ், புலி இதுக்குள்ள எப்பிடி அடங்கும்? நான் குந்தினாலே முட்டி இடிக்குமே.”

“உங்களப் பிடிக்கச் சொல்லி லெட்டர் வந்தா அப்ப யோசிப்போம் நானா” என்றேன்.

2. அடையாள அட்டை

கூட்டைத் தொழிற்சாலை வாசலில் இறக்கி வைத்தோம். அன்று மத்தியானத்துக்குள் காவல்காரரின் கோழி அதற்குள் குடியேறிவிட்டது.

சிறுத்தையைப் பார்த்த பெண்ணின் பெயர் புஷ்பராணி. முப்பது வயது இருக்கும், இடுப்பில் ஒரு வயதுப் பிள்ளை. பயந்து போன ஒரு பெண்ணைத் தேற்ற வேண்டியிருக்கும் என்று எண்ணி, தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வரிசையில் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, என் காலில் இருந்த அட்டையை நான் அலறுவதற்குள் சுண்ணாம்பு தொட்டு எடுத்துப் போட்டுவிட்டு, கதையைச் சொன்னார்.

“நான் மேல ஓடுறேன், அது கீழ வருது. சாமி மரத்துக்கிட்ட நேருக்கு நேர் மிஸ். அது என்னயப் பாக்குது, நான் அதயப் பாக்குறேன். ரெண்டு பேருக்கும் என்ன செய்யிறதுன்னு தெரியல.”

“பிறகு?”

“கூடைய மொகத்துக்கு முன்னால வச்சி மறைச்சிக்கிட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சி எட்டிப் பாத்தா ஆளக் காணோம். அதுக்கும் வெக்கமாப் போயிருக்கும்.”

நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். அவர் என் தோளுக்கு மேலால் எட்டி, தூரத்தில் தொழிற்சாலை வாசலில் தெரிந்த கூட்டைப் பார்த்தார்.

“அதப் புடிச்சிக்கிட்டுப் போகவா வந்தீங்க?”

“நீங்கதானே மலைக்குப் போக மாட்டோம்னு சொன்னீங்க?”

“காலையில போக மாட்டோம்னுதான் சொன்னோம். அதப் புடிக்கச் சொல்லலியே! நாலு வருசமா அது இங்கனதான் கெடக்கு. ரெண்டு நாயத் தூக்கிருச்சு, அதுல எனக்குக் கோவம்தான். ஆனா அது வந்த பெறகு பன்னி லயத்துப் பக்கம் எட்டிப் பாக்கல. எங்க மரக்கறித் தோட்டம் இப்பத்தான் தோட்டமாட்டம் இருக்கு.”

லயத்தில் எல்லாரும் அப்படிப் பேசவில்லை. கந்தோர் பிடிக்காவிட்டால் நாங்களே கம்பிக் கண்ணி கட்டுவோம் என்று சில ஆண்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கண்ணியில் அகப்படும் சிறுத்தை எப்படிச் சாகும் என்று நான் பார்த்திருக்கிறேன். அதை இங்கே எழுத மனமில்லை.

அன்றே ஆறாம் நம்பர் மலையில் நாலு கமரா கட்டினேன். முன்னால் ஏதாவது அசைந்தால் தானே படம் எடுக்கும் கமரா. முழங்கால் உயரத்தில், பாதை ஓரத்து மரங்களில் வாரை இறுக்கிக் கட்டிவிட்டு, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் கண்டிக்கு வந்துவிட்டேன். காட்டில் கமரா கட்டினால் குரங்குக்கு விளக்கம் சொல்வதில்லையே, அந்தப் பழக்கம்.

நாலாம் நாள் போய்ப் படங்களைப் பார்த்தேன். முதல் கமராவில் ஒரு பெரிய கண். அடுத்த படத்தில் வெற்றிலை போட்ட வாய். அதற்கடுத்து ஆறேழு பெண்கள் குனிந்து, தலையை ஒன்றோடொன்று ஒட்டி வைத்துப் பார்க்கிறார்கள். அதன் பிறகு மூன்று நாளும் ஒரே இருட்டு. போய்ப் பார்த்தால் கமராவுக்குக் கொழுந்துச் சாக்கால் தலைப்பாகை கட்டியிருந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் அதேபோல். நாலாவதுக்குச் சாக்கு இல்லை. அதற்கு விபூதிப் பட்டை, நடுவில் குங்குமம், சுற்றி ஒரு பூமாலை. லென்ஸ் முழுக்கக் கற்பூரப் புகை.

மாலையில் விறகுக்கு அந்த வழியால் வந்தவர்களை நிறுத்திக் கேட்டேன். புஷ்பராணிதான் பதில் சொன்னார்.

“நாங்க எத்தன தரம் குந்துறோம்னு பாக்கத் தொர வச்சதுன்னு நெனச்சோம். போன மாசந்தான் கொழுந்து நிறுக்கிற எடத்துல ஒண்ணு மாட்டுனாங்க.”

“சரி, இதுக்கு ஏன் மாலை?”

“அது சாமி மரம் மிஸ். கீழ கல்லு இருக்கு பாருங்க. சாமி மரத்துல கண்ணு வச்சி ஒண்ணத் தொங்க விட்டா நாங்க என்னன்னு நெனைக்கிறது? எதுக்கும் இருக்கட்டும்னு கும்புட்டோம்.”

இது சிறுத்தையைப் படம் பிடிக்கக் கட்டியது என்று விளக்கினேன். முகத்தில் உள்ள புள்ளிகளை வைத்து எது எந்தச் சிறுத்தை என்று தெரிந்துகொள்வோம், பத்து நாளுக்குள் ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் கொடுப்போம் என்றும் சொன்னேன். சற்றுப் பெருமையாகவே சொன்னேன். புஷ்பராணி கேட்டார்:

“அப்ப புலிக்கு ஐடென்டிட்டி காட்டா?”

“அந்த மாதிரித்தான்.”

“எங்க தாத்தா இந்த மலையில பொறந்து, இங்கயே வேல செஞ்சி, ஐடென்டிட்டிக்கு அலஞ்சி அலஞ்சி சாகுற வயசுலதான் கையில வாங்குனாரு. இதுக்குப் பத்து நாள்லயா? நல்ல அதிர்ஷ்டக்காரப் புலி மிஸ்!”

அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பிறகு சிரித்ததற்காகக் கூசினேன். நாலு நாள் போய்விட்டது, மிச்சம் ஆறு.

3. நேரம் தவறாதவள்

அதன் பிறகு சாக்கு இல்லை. பதிலாக, விறகுக்குப் போகிறவர்கள் கமராவுக்கு முன்னால் நின்று தலையைக் கோதிச் சேலையைச் சரிசெய்துகொண்டு போகிற படங்கள் வந்தன. அவற்றைத் தள்ளிக்கொண்டே போனபோது சிறுத்தையும் வந்தது.

பெண் சிறுத்தை. பின்னால் இரண்டு குட்டிகள்.

வண்டிக்குள் இருந்து அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். தாயைக் கூட்டில் ஏற்றினால் குட்டிகள் பாறைக்குள் கிடந்து பட்டினியில் போகும். ஃபாரூக் நானாவும் எட்டிப் பார்த்தார். “யா அல்லாஹ், புள்ள குட்டிக்காரியா?” என்றவர், அதன் பிறகு கூட்டைப் பற்றிப் பகிடி விடவில்லை.

படத்தின் ஓரத்தில் நேரம் இருக்கும். மூன்று நாள் காலை நேரங்களையும் எழுதிப் பார்த்தேன். ஏழு மணிக்கும் ஏழே காலுக்கும் இடையில், பாறைப் பக்கமிருந்து இறங்கி, சாமி மரத்தடியால் போய், டர்பன்டைன் மரக் காட்டுக்குள் நுழைகிறது. ஒரு நாளும் தவறவில்லை. கலஹா பஸ்ஸை நம்பி நின்றவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அன்றைக்கே படங்களைப் புஷ்பராணியிடம் காட்டினேன். அவருக்கு அதில் ஆச்சரியமே இல்லை.

“அது எப்பவும் அந்த நேரந்தான். நாங்க ஏழரைக்கு வருவோம்னு அதுக்குத் தெரியும். சாமி மரத்துல கற்பூரம் காட்டி, பொலி போட்டுட்டுத்தான் கொழுந்துல கை வப்போம். அதுக்குள்ள அது போயிரும்.”

கொழுந்து கிள்ளத் தொடங்கும் முன் எல்லாரும் சேர்ந்து ‘பொலியோ பொலி’ என்று குரல் கொடுப்பது மலைநாட்டு வழக்கம். அன்றைய கொழுந்து பெருகட்டும் என்ற வேண்டுதல் அது.

“அப்ப அன்றைக்கு மட்டும் எப்படி நேருக்கு நேர்?”

“புதுத் தொர வந்து ஏழு மணிக்கே மலையில நிக்கச் சொல்லிட்டாரே. பொலியெல்லாம் கீழ பேர் பதியிற பெரட்டுக் களத்துலயே போட்டுட்டு வாங்க, நேரம் மிச்சம்னுட்டாரு. புள்ளக்காம்பராவத் தொறக்கிறதே ஏழு மணிக்கு. முந்தி புள்ளக்காரிங்க புள்ளைய ஆயாகிட்ட குடுத்துட்டு ஆறுதலா வருவோம். இப்ப குடுத்த கையோட ஓடணும். அதான் தனியாக் குறுக்குப் பாதையில ஓடுனேன். அதுவும் அதோட நேரத்துக்கு எறங்குச்சு.”

எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல் இருந்தது. சிறுத்தை மனிதரின் நேரத்துக்குள் வரவில்லை, மனிதர்தான் அதன் நேரத்துக்குள் போயிருக்கிறார்கள். என் ரிப்போர்ட் தயார்! அவர் சொன்னதில் எனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு துரையின் பங்களாவுக்கு ஓடினேன்.

4. துரையோடு ஒப்பந்தம்

துரை இளம் ஆள், அம்பிட்டியவில் வளர்ந்தவர். தோட்டத்துக்கு வந்து தமிழ் பழகியிருந்தார். மரியாதையாகக் கதிரை போட்டு, நான் சொன்னது முழுவதையும் கேட்டார்.

“மிஸ், ஒரு புலிக்காக நான் எஸ்டேட் டைமை மாத்தணுமா? கொழும்பு ஹெட் ஒபிஸ்ல கேட்டா என்ன சொல்றது?”

“மாத்தினது நீங்கதான் சேர். புலி இன்னும் பழைய டைம்லதான் இருக்கு. அதுக்கு யாரும் நோட்டீஸ் குடுக்கல.”

அவர் சிரிப்பை அடக்கத் தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கினார். இதுதான் சந்தர்ப்பம் என்று மேலே பேசினேன். ஆறாம் நம்பர் மலைக்கு மட்டும் ஏழரை மணி, ஏறும் முன் மலையடியில் பொலி. மூன்று காலை பரீட்சித்துப் பார்ப்போம் என்றேன்.

“சரி. நானும் வந்து நிற்பேன். ஆனா ஒரு நாள் ஏழரைக்குப் பிறகு அதைக் கண்டாலும் கூடு மேலே ஏறும். ஓகேயா?”

சரி என்றேன். கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அது என் திணைக்களத்து விஷயம் இல்லை என்று நினைத்தேன்.

5. இரண்டாம் காலை

முதல் நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பெண்கள் பொலி போட்டு ஏறினார்கள், சிறுத்தை ஏழு பத்துக்கே போயிருந்தது. துரை கமராவின் சின்னத் திரையில் பார்த்துத் தலையாட்டினார்.

இரண்டாம் நாள் பனிமூட்டம். ஏழரைக்கு நாங்கள் மலையடிக்கு வந்தபோது புஷ்பராணிதான் முதலில் கண்டு கையை நீட்டினார். மேலே சாமி மரத்தடியில் சிறுத்தை நின்றது. பக்கத்தில் ஒரு குட்டிதான் இருந்தது. மற்றது பாறைப் பக்கமிருந்து கத்திக்கொண்டிருந்தது. தாய் இரண்டடி முன்னால் வைப்பதும் திரும்பிப் பார்ப்பதுமாக இருந்தது.

துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“மிஸ், ஏழரை தாண்டிட்டுது.”

பேசிய பேச்சு பேச்சுத்தான். அளவு நாடாவும் படிவமும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. துரை தொழிற்சாலைக்குப் பேசத் தொலைபேசியை எடுத்தார்.

புஷ்பராணி கூடையைத் தலையிலிருந்து கழற்றிக் கீழே வைத்தார். அவர் சத்தமாகப் பேசவில்லை.

“தொர, அது புள்ளக்காரி. ஒண்ணக் கொண்டாந்து விட்டுட்டு மத்ததுக்காக நிக்கிது. கொஞ்சம் பொறுங்க.”

அவர் நிலத்தில் உட்கார்ந்தார். பின்னால் நின்ற பெண்கள் அத்தனை பேரும் ஒருவர் பின் ஒருவராகக் கூடையை இறக்கி உட்கார்ந்தார்கள். ஒருவரும் பொலி போடவில்லை. குரல் கேட்டால் சின்னது பயந்து பாறைக்குள் போய்விடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. துரை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார், பிறகு அவரும் கல்லொன்றில் குந்தினார். வேலை நேரத்தில் துரையும் பெண்களும் சேர்ந்து சும்மா உட்கார்ந்திருந்ததை அந்தத் தோட்டம் அன்றைக்குத்தான் கண்டிருக்கும்.

சிறுத்தை பாறைப் பக்கம் திரும்பிப் போனது. திரும்பி வந்தபோது குட்டியின் பிடரியைக் கவ்வியிருந்தது. எங்களை ஒரு தடவை பார்த்தது. பிறகு மூன்றுமாக டர்பன்டைன் காட்டுக்குள் போய்விட்டன.

புஷ்பராணி எழுந்து பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டார். துரையின் கையில் தொலைபேசி அப்படியே இருந்தது.

“பாத்தீங்கதானே தொர. அதுக்குப் புள்ளக்காம்பராவும் இல்ல, ஆயாவும் இல்ல, லேட்டாயிருச்சு. எங்களுக்கு ரெண்டும் இருக்கு. ஆனா ஏழு மணிக்குத் தொறக்கிற எடத்துல புள்ளைய விட்டுட்டு, அதே ஏழு மணிக்கு மலையில நிக்கச் சொன்னா நாங்களும் இப்பிடித்தான்.”

துரை தொலைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டார். அவர் காது சிவந்திருந்தது. பெண்கள் பொலி போட்ட சத்தம் அன்று எதிர் மலையில் பட்டுத் திரும்பியது.

மறுநாள் பெரட்டுக் களத்தில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ஆறாம் நம்பர் மலைக்கு ஏழரை. எந்த மலையானாலும் கைப்பிள்ளை உள்ளவர்களுக்கும் ஏழரை. மூன்றாம் நாள் பரீட்சையைப் பற்றித் துரையும் கேட்கவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை. ஒருத்தியும் ஏற மாட்டேன் என்ற ஆறாம் நம்பர் மலைக்கு இப்போது எங்களைப் போடுங்க, எங்களைப் போடுங்க என்று சண்டை. கைப்பிள்ளை இல்லாதவர்களுக்கும் அங்கே ஏழரைதானே!

புறப்படும்போது புஷ்பராணியிடம் கேட்டேன்.

“நீங்க எல்லாரும் மலைக்கு ஏற மாட்டோம்னு நின்னது புலிக்குப் பயந்தா, இல்ல இந்த அரை மணிக்காகவா?”

“ரெண்டுக்குந்தான். ஆனா அரை மணி நேரங் கேட்டு நாங்க எத்தனையோ தரம் சொல்லிட்டோம், யாரும் வரல. புலின்னதும் கண்டியில இருந்து வேனு வந்துச்சு.”

அவர் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

கண்டிக் கந்தோரில் கூட்டை இறக்கும்போது பெரிய சேர் அதற்குள் கோழி இட்டிருந்த முட்டைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “கொட்டியா எங்கே?” என்று சிறுத்தையைக் கேட்டார். “வேலைக்குப் போயிட்டுது சேர்” என்றேன். படங்களைப் பார்த்த பிறகு அவர் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டார். நல்ல ரிப்போர்ட் என்று பாராட்டும் கிடைத்தது.

பிள்ளைகளே, கமரா எந்த உயரத்தில் கட்ட வேண்டும் என்பதை உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். நான் சொல்ல வேண்டியது வேறு. ஒரு சிறுத்தைக்கு அரை மணி நேரம் கேட்டு நான் துரையிடம் வாதாடினேன். அதே அரை மணி இல்லாததால் பிள்ளையை விட்டுவிட்டு மலையேறி ஓடிய ஒரு பெண் என் காலிலிருந்து அட்டையை எடுத்துப் போட்டு, தேத்தண்ணியும் ஊற்றித் தந்து, எல்லாவற்றையும் தன் வாயாலேயே சொன்னார். அவருக்காகக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரோ தங்களுக்காகக் கேட்டபோது எனக்காகச் சிறுத்தைக்கும் சேர்த்துக் கேட்டார்.